எண்ணாமல் கையெழுத்திடுவதில்லை

2004ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 8ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் தார்நாகாவின் மீது மெல்லிய பனி படர்ந்திருந்தது. எட்டு மணிக்குள் அது விலகி, வானம் மேகமின்றித் தெளிந்தது. காற்று வடகிழக்கிலிருந்து மெதுவாக வீசிற்று. இவ்வளவு நல்ல நாளில் தமக்குத் தீங்கு ஏதும் நேராது என்று சௌந்தரராஜன் கருதினார். அந்தக் கருத்துக்கு வானிலையைத் தவிர வேறு ஆதாரம் அவரிடம் இல்லை.

சௌந்தரராஜனுக்கு வயது நாற்பத்து நான்கு. மதுரையில் பிறந்து, மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் தொழில்நுட்ப அலுவலராகப் பதினாறு ஆண்டுகளாக ஹைதராபாத்தில் பணியாற்றி வந்தார். அவருடைய மனைவி மங்கையர்க்கரசி, உப்பலில் உள்ள ஓர் அரசுடைமை வங்கிக் கிளையில் அதிகாரி. மகள் ப்ரியா ஏழாம் வகுப்பில் படித்தாள். பெற்றோர் தமிழில் கேட்பதை முழுமையாகப் புரிந்துகொண்டு தெலுங்கில் பதில் சொல்வாள்.

முந்தைய ஏப்ரல் மாதத்தில்தான் அவர்கள் உப்பலில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுத் தார்நாகாவில் வாங்கிய புதிய ஃப்ளாட்டுக்குக் குடிவந்திருந்தனர். வங்கி தன் ஊழியர்களுக்கு ஐந்து சதவீத வட்டியில் வீட்டுக் கடன் வழங்கியது. ஆகவே கடன் மங்கையர்க்கரசியின் பெயரில் வாங்கப்பட்டது. வீடும் அவர் பெயரிலேயே பதிவாயிற்று. சுவரில் ஆணி அடிக்கும் பொறுப்பு மட்டும் சௌந்தரராஜனின் பெயரில் இருந்தது.

இந்நிலையில் அவருடைய அலுவலகக் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. வீட்டு வாடகைப் படிக்கு வரிவிலக்குக் கோருவோர், ஏப்ரல் முதல் ஜனவரி வரையிலான வாடகை ரசீதுகளை பிப்ரவரி 9ஆம் தேதி மாலைக்குள் ஒப்படைக்க வேண்டும். தவறினால் வரி முழுவதும் பிப்ரவரிச் சம்பளத்தில் ஒரே தவணையாகப் பிடிக்கப்படும்.

பக்கத்து மேசை உமாசங்கர் இதற்கு வழி சொன்னார்.

"வீடு உங்க வீட்டம்மா பேர்லதானே இருக்கு? அப்ப அவங்கதான் ஓனர், நீங்க குடித்தனக்காரர். மாசம் நாலாயிரத்து ஐநூறு வாடகைன்னு ரசீது வாங்கி வையுங்க. சட்டப்படி தப்பே இல்ல."

"அவ கையெழுத்துப் போடணுமே?"

"பொண்டாட்டி கையெழுத்துப் போடாம வேற யார் போடுவா?"

உமாசங்கரின் மனைவி வங்கியில் பணியாற்றவில்லை.

சௌந்தரராஜன் கணக்கிட்டுப் பார்த்தார். ரசீது கொடுத்தால் பதினோராயிரத்து நூற்று அறுபது ரூபாய் வரி மிச்சமாகும். கொடுக்காவிட்டால் அந்தத் தொகை பிப்ரவரிச் சம்பளத்திலிருந்து போய்விடும். மற்றவர்களுக்கு இது ஒரு வருத்தமாக முடிந்திருக்கும். சௌந்தரராஜனுக்கோ அது ஒரு பேரழிவாகும். ஏனெனில் அவரிடம் மூன்று கிரெடிட் கார்டுகள் இருந்தன. அவை மூன்றிலும் சேர்ந்து ஒரு லட்சத்து முப்பத்து எட்டாயிரத்து நானூறு ரூபாய் கடன் இருந்தது. மாதந்தோறும் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை மட்டுமே ஏழாயிரத்தை நெருங்கியது. ஒரு மாதம் தவறினால் வீட்டுக்குத் தொலைபேசி வரும். இக்கடனைப் பற்றி மங்கையர்க்கரசி அறியமாட்டார்.

கடனின் வரலாறு சுருக்கமானது. 2000ஆம் ஆண்டில் ஊரே பங்குச் சந்தையைப் பற்றிப் பேசியபோது, மகளின் மேற்படிப்புக்கென்று சேர்த்த பணத்தையும், கார்டில் எடுத்த அறுபதாயிரத்தையும் அவர் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் முதலீடு செய்தார். அந்நிறுவனம் முதலில் பெயரை மாற்றிக்கொண்டது. பிறகு முகவரியை மாற்றிக்கொண்டது. பிறகு அதற்கு இரண்டும் இல்லாமற்போயின. அதன்பின் ஒரு கார்டின் கடனை அடுத்த கார்டுக்கு மாற்றி, அதை மூன்றாவதற்கு மாற்றி, நான்கு ஆண்டுகளாக அவர் அதை ஒரு குழந்தையைப் போல் இடுப்பு மாற்றிச் சுமந்து வந்தார். பில்கள் அலுவலக முகவரிக்கு வந்தன. படிப்புப் பணம் ஒரு லட்சம் தம் கணக்கில் பத்திரமாக இருப்பதாக ஒவ்வொரு பொங்கலுக்கும் மனைவியிடம் கூறிவந்தார்.

ஒரு வாரத்துக்கு முன்பு, அதாவது பிப்ரவரி முதல் தேதி, அவர் பத்து ரசீதுகளைத் தம் கையாலேயே எழுதினார். ஒவ்வொன்றிலும் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டினார். மங்கையர்க்கரசியின் முன்னால் அவற்றை விசிறிபோல் பரப்பி, பேனாவின் மூடியையும் கழற்றிக் கொடுத்தார்.

மங்கையர்க்கரசி முதல் ரசீதைப் படித்தார். பிறகு பேனாவின் மூடியை மாட்டினார்.

"பணம் எங்க?"

"என்ன பணம்?"

"பெற்றுக்கொண்டேன்னு எழுதியிருக்கீங்க. நான் எதையும் பெற்றுக்கொள்ளலையே."

"அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி, மங்கை. ஒரே வீடு, ஒரே பணம்."

"ஒரே பணம்னா கொண்டாங்க, எண்ணிப் பாப்போம்."

இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. அது அவருடைய தொழில் ஒழுக்கம். 1991ஆம் ஆண்டில் அவர் வங்கியின் பணப் பிரிவில் இருந்தபோது, நம்பிக்கைக்குரிய ஓர் ஊழியர் கொடுத்த கட்டை எண்ணாமல் கையெழுத்திட்டு வாங்கினார். அதில் அறுநூறு ரூபாய் குறைந்தது. இரண்டு மாதங்கள் அது அவர் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. அன்று முதல் அவர் எதையும் எண்ணாமல் கையெழுத்திட்டதில்லை. கூரியர் கொண்டுவருபவரை வாசலில் நிறுத்தி, உறையைப் பிரித்து, உள்ளே இருக்கும் தாள்களை எண்ணிய பிறகே கையொப்பமிடுவார். அதனால் அந்தத் தெருவுக்கு வரும் கூரியர்காரர்கள் அவர் வீட்டைக் கடைசியாக வைத்துக்கொண்டனர். ப்ரியாவின் மதிப்பெண் அட்டையில்கூடக் கூட்டலைச் சரிபார்த்த பின்னரே கையெழுத்திடுவார். ஒருமுறை ஆசிரியை நான்கு மதிப்பெண்களை அதிகமாகக் கூட்டியிருந்ததைக் கண்டுபிடித்துப் பள்ளிக்குக் கடிதம் எழுதினார். ப்ரியா அந்த நான்கு மதிப்பெண்களையும் மூன்றாவது ரேங்கையும் ஒருங்கே இழந்தாள்.

"நாப்பத்தஞ்சாயிரம் ரொக்கமா குடுங்க. எண்ணிட்டுக் கையெழுத்துப் போடுறேன். உங்க கணக்குலதான் ஒரு லட்சம் இருக்குல்ல?"

"இருக்கு," என்றார் சௌந்தரராஜன்.

ஒரு வார காலம் அவர் யோசித்தார். நாற்பத்து ஐந்தாயிரம் ரூபாய் தேவை. ஆனால் அது இரண்டு மணி நேரத்துக்குப் போதும். மனைவி எண்ணுவார், கையெழுத்திடுவார். "நாளைக்கு நானே பேங்க்ல போட்டுடறேன்" என்று சொல்லி அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் கடன் கொடுக்கும் வங்கி உலகில் இல்லை. ஆனால் இரண்டாம் தளத்தில் பத்ரி இருந்தான்.

பத்ரி ஸ்ரீரங்கத்துப் பையன், மாதாப்பூரில் மென்பொருள் எழுதுபவன், வயது இருபத்தெட்டு. அன்று பகல் ஒரு மணிக்கு ஜீடிமெட்லாவில் ஒருவரிடம் பழைய கார் ஒன்றை வாங்குவதற்காக, முந்தைய நாளே வங்கியிலிருந்து ரொக்கம் எடுத்து வைத்திருந்தான். சௌந்தரராஜன் காலை ஒன்பதே முக்காலுக்குப் படியேறிப் போய் விஷயத்தை விளக்கினார். கார்டுகளைப் பற்றி விளக்கவில்லை.

"அதாவது சார், உங்காத்துக்கு நீங்களே வாடகை குடுக்கறதுக்கு நான் கடன் தரணும்."

"ரெண்டு மணி நேரம்தான்."

"மேடம் ஓனர்னா அவங்க காலி பண்ணச் சொன்னா நீங்க பண்ணணுமா?"

"பத்ரி, நேரமாச்சு."

பத்ரி ஒரு ஐந்நூறு ரூபாய்க் கட்டை எடுத்தான். அதிலிருந்து பத்துத் தாள்களை உருவிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மீதமிருந்த தொண்ணூறு தாள்களைக் காகிதப் பட்டையுடன் கொடுத்தான். பட்டையைக் கழற்றிவிட வேண்டும் என்று அவர்கள் இருவருக்கும் தோன்றவில்லை. வங்கியில் பணியாற்றாதவர்களுக்குப் பட்டை என்பது வெறும் காகிதம்.

பத்து மணிக்கு மங்கையர்க்கரசி கைகளைக் கழுவித் துடைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையின் முன் அமர்ந்தார். ஈரப் பஞ்சுக்குப் பதிலாக ஒரு கிண்ணத்தில் சிறிது நீர் வைத்துக்கொண்டார். தாள்களை ஒருமுறை முகப்புப் பக்கமாகவும் ஒருமுறை பின்பக்கமாகவும் எண்ணினார். பிறகு பட்டையைப் படித்தார்.

"கட்டுல நூறுன்னு போட்டிருக்கு. தொண்ணூறுதான் இருக்கு. பத்து நோட்டு எங்க?"

"அத நான் எடுத்துட்டேன். நாப்பத்தஞ்சுதானே வேணும்."

"எந்த பேங்க்ல எடுத்தீங்க?"

"எங்க ஆஃபீஸ் வளாகத்துல இருக்கிற பிராஞ்சுலதான். வேற எங்க?"

"சரி," என்றார் மங்கையர்க்கரசி.

பத்து ரசீதுகளிலும் ஸ்டாம்பின் மீது பாதியும் தாளின் மீது பாதியுமாக அவர் கையெழுத்திட்டார். சௌந்தரராஜன் ரசீதுகளை ஒரு கையால் எடுத்துக்கொண்டு மறு கையைப் பணக்கட்டை நோக்கி நீட்டினார்.

"நாளைக்கு நானே போற வழியில பேங்க்ல போட்டுடறேன்."

"எதுக்கு?" மங்கையர்க்கரசி கட்டுடன் எழுந்தார். "இது வாடகைப் பணம். ஓனர் நான். நாளைக்கு என் கணக்குல என் கையால கட்டுவேன். இன்கம் டாக்ஸ்காரன் கேட்டா காட்டணும்ல?"

அவர் படுக்கையறைக்குச் சென்று பீரோவைத் திறந்தார். பீரோ பூட்டப்பட்ட ஓசை கேட்டது. சாவியை இடுப்பில் செருகியபடி அவர் சமையலறைக்குச் சென்று வெண்டைக்காய் நறுக்கத் தொடங்கினார். மணி பத்தே கால்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் சௌந்தரராஜன் சமையலறை வாசலுக்கு ஏழு முறை சென்று வந்தார். முதல் முறை தண்ணீர் கேட்டார். இரண்டாம் முறை, வீட்டில் ரொக்கம் வைத்திருப்பது பாதுகாப்பல்ல என்றார்; பீரோ நல்ல பீரோ என்று பதில் கிடைத்தது. மூன்றாம் முறை மீண்டும் தண்ணீர் கேட்டார். மற்ற நான்கு முறைகளும் அவர் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஐந்தாவது முறை தீர்மானித்தார். அப்போது மங்கையர்க்கரசி நிமிர்ந்து, "ப்ரியாவுக்குப் பத்தாவது முடிஞ்சதும் அந்த ஒரு லட்சம் பத்தாது, இப்பவே கொஞ்சம் சேர்த்துப் போடணும்," என்றார். சௌந்தரராஜன் வந்த வழியே திரும்பினார்.

பதினொன்று பத்துக்கு அழைப்பு மணி ஒலித்தது. பத்ரி குளித்து, புதுச் சட்டை அணிந்து, நெற்றியில் குங்குமத்துடன் கார் வாங்கும் கோலத்தில் நின்றான். சௌந்தரராஜன் கண்களால் அவனைத் திருப்பி அனுப்ப முயன்றார். பத்ரி கண்களைப் படிக்கும் வழக்கம் இல்லாதவன்.

"வாங்க பத்ரி, உக்காருங்க. காபி சாப்பிடுறீங்களா?" என்றார் மங்கையர்க்கரசி.

"இல்ல மேடம், கிளம்பணும். ஜீடிமெட்லா வரைக்கும் போகணும். சாரை ஒரு நிமிஷம் பார்த்துட்டு…"

"என்ன விஷயமா?"

"ஒண்ணுமில்ல மேடம். சும்மாதான்."

சும்மா வந்தவன் சோபாவின் விளிம்பில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தான். மங்கையர்க்கரசி காபியை அவன் கையில் கொடுத்துவிட்டு எதிரில் அமர்ந்தார். கவுன்ட்டரில் வாடிக்கையாளரைக் கேட்கும் அதே குரலில் கேட்டார்.

"உங்க சம்பளம் எந்த பேங்க்ல வருது, பத்ரி?"

பத்ரி ஒரு தனியார் வங்கியின் பெயரைச் சொன்னான்.

"மாதாப்பூர் பிராஞ்சா?"

"ஆமா மேடம்."

"நேத்துதானே எடுத்தீங்க? பட்டையில மாதாப்பூர் பிராஞ்ச் சீல், ஏழாந்தேதி போட்டிருக்கு. அந்தப் பத்து நோட்டு உங்ககிட்டதானே இருக்கு?"

பத்ரி சௌந்தரராஜனைப் பார்த்தான். சௌந்தரராஜன் மின்விசிறியைப் பார்த்தார். பத்ரி சட்டைப் பையிலிருந்து பத்துத் தாள்களை எடுத்து மேசை மீது வைத்தான். மங்கையர்க்கரசி அவற்றையும் எண்ணினார். கூட்டுத்தொகை நூறு வந்ததில் அவர் முகத்தில் ஒரு நிறைவு தெரிந்தது. பிறகு அவர் கணவரின் பக்கம் திரும்பினார்.

"உங்க கணக்குல எவ்வளவு இருக்கு?"

சௌந்தரராஜன் பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் நான்கு ஆண்டுகளாகச் சொல்லிவந்த அந்த ஒரு லட்சம் வெளியே வரவில்லை.

"இரண்டாயிரத்து நூத்திச் சொச்சம்," என்றார்.

"சொச்சம் எவ்வளவு?"

"பதினேழு."

"படிப்புப் பணம்?"

"ஷேர்ல போட்டேன். போயிருச்சு."

"கடன் இருக்கா?"

"கார்டு. மூணு கார்டு. ஒண்ணு முப்பத்தெட்டு நானூறு."

பத்ரி காபியை உறிஞ்சாமல் விழுங்கினான். அப்போது, ஊஞ்சல் நாற்காலியில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த ப்ரியா தலை நிமிராமல் சொன்னாள்:

"கார்டு ஆன்ட்டி வியாழக்கிழமை ஃபோன் சேசிந்தி." கார்டு நிறுவனத்துப் பெண் ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாளாம்.

"என்ன சொன்னா?"

"நானாக்கு ரிமைண்டர் அனி செப்பிந்தி." அப்பாவுக்கு நினைவூட்டல் என்று சொன்னாளாம்.

"அத ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நுவ்வு அடகலேது," என்றாள் ப்ரியா. நீ கேட்கவில்லை என்பது அதன் பொருள். தாயிடமிருந்து மகள் கற்றுக்கொண்ட ஒழுக்கம் அது. ஆகவே மங்கையர்க்கரசியால் அதைக் கண்டிக்க இயலவில்லை.

அவர் எழுந்து சென்று பீரோவைத் திறந்து தொண்ணூறு தாள்களைக் கொண்டுவந்தார். பத்ரியின் முன்னால் மறுபடியும் எண்ணி, மேசை மீதிருந்த பத்துத் தாள்களுடன் கொடுத்தார். பத்ரி எழுந்தான்.

"உக்காருங்க. பணம் திரும்ப வாங்கினதுக்கு ரசீது?"

"மேடம், நான் சார்கிட்ட குடுக்கறச்சேயே ரசீது வாங்கல."

"அது உங்க தப்பு. இனிமே செய்யாதீங்க."

சௌந்தரராஜன் ஸ்டாம்புகளைப் பன்னிரண்டாக வாங்கியிருந்தார், இரண்டு மீதமிருந்தன. அவற்றில் ஒன்றை ஒட்டி, நாற்பத்து ஐந்தாயிரம் ரூபாய் திரும்பப் பெற்றுக்கொண்டதாகப் பத்ரி கையெழுத்திட்டான். எண்ணாமல் கையெழுத்திட முயன்றபோது அவன் தடுக்கப்பட்டான். பதினொன்று முப்பத்தைந்துக்கு அவன் விடைபெற்றான். வாசலில் செருப்பு மாட்டும்போது மெதுவாக, "சாரி சார்," என்றான்.

"நீ எதுக்குய்யா சாரி சொல்ற," என்றார் சௌந்தரராஜன்.

கதவைச் சாத்திவிட்டு வந்தபோது, மங்கையர்க்கரசி பத்து ரசீதுகளையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் குறுக்கேயும் இரண்டு இணைகோடுகள் இழுத்து, அவற்றுக்கிடையே 'ரத்து' என்று எழுதிக்கொண்டிருந்தார். பணம் திரும்பிப் போய்விட்டதால் ரசீது செல்லாது. சௌந்தரராஜன் அதை நின்றபடியே பார்த்தார்.

"பதினோராயிரத்து நூத்தறுவது போச்சு," என்றார்.

"போகல. உங்களுக்கு அவ்வளவு மிச்சம், சரிதான். ஆனா வீட்ட வாடகைக்கு விட்டதாக் காட்டினா, எனக்கு வாடகை வருமானம் ஏறும். வருஷத்துக்கு அம்பத்து நாலாயிரத்துல முப்பது பர்சென்ட் கழிவு போக மிச்சத்துக்கு வரி. நான் கூடக் கட்ட வேண்டியது பதினோராயிரத்து முந்நூத்து நாப்பது."

"அப்ப?"

"வீட்டுக்கு நூத்தெண்பது ரூபா நட்டம். ஸ்டாம்பு தனி."

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"போன ஞாயித்துக்கிழமையே."

"சொல்லியிருக்கலாமே, மங்கை."

"கையெழுத்துக் கேட்டீங்க. கணக்குக் கேக்கல." அவர் ஒன்பதாவது ரசீதை ரத்து செய்தார். "ஒரு லட்சம் இருக்குன்னு வருஷா வருஷம் சொன்னீங்க. ஒரு தடவையாவது கண்ணால பாக்கணும்னு தோணுச்சு. அதான் ரொக்கம் கேட்டேன்."

சௌந்தரராஜன் நாற்காலியில் அமர்ந்தார். மன்னிப்புக் கேட்க நினைத்தார். அதற்குரிய வாக்கியத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. மங்கையர்க்கரசி ஒரு முழுத் தாளை எடுத்து நான்கு கட்டங்கள் வரைந்தார்.

"கார்டுக்கு வட்டி எவ்வளவு?"

"மாசம் ரெண்டு தொண்ணூத்தஞ்சு."

"வருஷத்துக்கு முப்பத்தஞ்சு புள்ளி நாலு." அவருடைய கை முதன்முறையாக நின்றது. அவர் வங்கியில் இருபது ஆண்டுகளாகப் பலவகைக் கடன்களைப் பார்த்தவர். "அஞ்சு பர்சென்ட்டுக்குக் கடன் குடுக்கிற பேங்க்ல நான் வேலை பாக்குறேன். நீங்க எங்கிட்ட கேக்காம முப்பத்தஞ்சு பர்சென்ட்டுக்குப் போயிருக்கீங்க."

அவர் குரல் உயரவில்லை. ஆனால் அந்தத் தாளில் எண்கள் எழுதிய பேனா சற்று அழுந்தியதை சௌந்தரராஜன் கண்டார். அன்றைய நாளில் அவரை உண்மையில் வருத்தியது அந்த ஒன்றுதான்.

"என் பி.எஃப்.ல லோன் போட்டு நாளைக்கே மூணையும் முடிக்கிறேன். நீங்க எனக்கு மாசம் நாலாயிரத்து ஐநூறு குடுக்கணும். ஒண்ணாந்தேதி. ரொக்கமா."

"வாடகையாவா?"

"என்ன பேரு வேணா வச்சுக்குங்க. எண்ணித்தான் வாங்குவேன். கார்ட எடுங்க."

சௌந்தரராஜன் பர்ஸை எடுத்து மூன்று கார்டுகளையும் மேசை மீது வைத்தார். மங்கையர்க்கரசி வெண்டைக்காய் நறுக்கிய கத்தியை ஒருமுறை பார்த்துவிட்டு, ப்ரியாவின் கைவேலைப் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை வரவழைத்தார். ஒவ்வொரு கார்டும் இரண்டாயிற்று. ப்ரியா துண்டுகளை எண்ணி, ஆறு என்று அறிவித்தாள்.

"பர்ஸ்ல ரூபா எவ்வளவு இருக்கு?"

"ஆயிரத்து இருநூத்தி அறுபத்தஞ்சு."

"குடுங்க. மார்ச் மாசத்துக்கு முன்பணமா வரவு வச்சுக்கிறேன்."

"பெட்ரோலுக்கு நூறு ரூபா வேணும், மங்கை."

"அதுக்குத் தனியா எழுதித் தாங்க."

அவர் ஆயிரத்து இருநூற்று அறுபத்தைந்தையும், அதிலிருந்த ஐந்து ரூபாய் நாணயம் உட்பட, இருமுறை எண்ணினார். ஒரு ரசீது எழுதினார். கடைசி ஸ்டாம்பை நாக்கில் தொட்டு ஒட்டினார். பாதி ஸ்டாம்பிலும் பாதி தாளிலுமாகக் கையெழுத்திட்டுக் கணவரிடம் நீட்டினார். சௌந்தரராஜன் தம் வாழ்நாளில் மனைவியிடமிருந்து பெற்ற, ரத்தாகாத முதல் ரசீது அது. அவர் அதைப் படித்துப் பார்த்து, கூட்டலைச் சரிபார்த்த பிறகு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்போது மணி பகல் பதினொன்று ஐம்பத்திரண்டு.